காப்புக்கு முன் ஐந்தாவது ஊசி

28 மார்ச் 1987, சனிக்கிழமை

இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. சிறியது என்று எழுதிவிட்டேன். சிறியதுதானா என்பது அடுத்த வாரம் தெரியும்.

மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அன்றன்று விட்ட பிழையை இந்த நோட்டில் முதலில் எழுதிவிடுவது என் வழக்கம். தெற்குவாசல் தட்டச்சுப் பள்ளியில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. அடித்ததைப் படித்துச் சந்தோஷப்படுமுன் அடிக்காமல் விட்டதைத் தேடு என்பார். பெரும்பாலும் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் கார்பன் தாளைத் திருப்பி வைத்திருப்பேன். இந்த முறை விட்டது ஒரு திருவிழா.

பெருங்கரைப்பட்டி பாலவாடியில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வீடு அவனியாபுரத்தில். காலை பஸ்ஸில் ஊருக்குப் போய், மாலை பஸ்ஸில் தெற்குவாசல் வந்து, வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகிறேன். இந்த ஊருக்கு முதன்முறையாக மணல்வாரி என்கிற தட்டம்மைக்குத் தடுப்பூசி வருகிறது. சுகாதார நிலையத்து நர்ஸ் ராமக்காள் அக்கா மாதத்தின் முதல் புதன்கிழமை ஐஸ் பெட்டியோடு வருவார்கள். அதனால் ஏப்ரல் ஒன்று, புதன், காலை பத்து மணி, ஒன்பது மாதம் முடிந்த குழந்தைகள் எல்லோரும் என்று தட்டச்சு செய்து, பாலவாடிக் கதவிலும் ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டினேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

நண்பகலில் சத்துமாவு வாங்க வந்த செல்லத்தாய் அக்கா கதவு முன்னால் நின்று அதைப் படித்தார். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை தங்கப்பொண்ணு.

"டீச்சர், இது யாரு போட்ட தேதி?"

"நான்தாங்க்கா."

"அதானே பாத்தேன். செவ்வாக்கெழம பொழுதுசாய ஊருக்குக் காப்பு. மறுநாளு எவ பிள்ளையத் தூக்கிட்டு ஊசிக்கு வருவா? பூசாரி பேயாண்டி மாமா சாமி வராமலே ஆடிருவாரு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்கள் தெருவில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவது ஆடியில். இந்த ஊரில் பங்குனியில். செவ்வாய் அந்தியில் பூசாரி அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அடுத்த புதன்கிழமை அவிழ்க்கும் வரை ஊருக்குள் எண்ணெய்த் தாளிப்பு கிடையாது, சவரக்கத்தி கிடையாது, ஊசி கிடையாது. காப்புக் கட்டும் நேரத்தில் எல்லைக்கல்லுக்கு உள்ளே இருப்பவர்கள் பகலில் எங்கே போனாலும் இரவுக்குள் திரும்பி ஊருக்குள்தான் படுக்க வேண்டும். வெளியூர்க்காரரானாலும் அதேதான். எட்டு மாதமாக இந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் இதை நான் கேட்டுவைக்கவில்லை.

"அப்போ அடுத்த மாசம் போட்டுக்கலாமாக்கா? மே ஆறாந்தேதி வருவாங்க" என்றேன்.

செல்லத்தாய் அக்கா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார்.

"மேலக்கரையில நாலு பிள்ளைக்கு மணல்வாரி போட்டிருக்கு டீச்சர். இங்கேருந்து கூப்பிடு தூரம். அம்புட்டு நாளு அது காத்துக் கெடக்குமா?"

அவருடைய முதல் பிள்ளை முத்திருளனைப் பற்றி நான் கேட்டதில்லை. ஊரில் சொல்லித் தெரியும். இன்று அவரே சொன்னார். இரண்டு வருடம் முன்பு இதே வெயில் காலம். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் நிம்மதியான பிறகு சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன மறுநாள் முடிந்துவிட்டது. ஒன்றரை வயது. அவர் அழவில்லை. மாவுப் பொட்டலத்தின் நூலை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"நர்சம்மாவைச் செவ்வாய்க்கிழமையே வரச் சொல்லிர்றேங்க்கா" என்றேன்.

கேட்டுப் பார்க்கிறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். இது இன்றைய இரண்டாவது பிழை.

30 மார்ச், திங்கட்கிழமை

பாலவாடிப் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். ராமக்காள் அக்கா பழைய அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், என் தவறு என்பதையும் சேர்த்து.

"தப்பு ஒம்மேல மட்டுமில்லத்தா. முதல் புதன்னு முடிவு பண்ணுன நாங்களும் ஊரு ஊராப் போயி சாமி கும்பிடுற தேதியக் கேக்கலயே" என்றார்கள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. திட்டியிருந்தால் வந்திருக்காது.

பிறகு கஷ்டத்தைச் சொன்னார்கள். செவ்வாய் காலை அவர்களுக்கு வேறு ஊர். மருந்து மதுரையிலிருந்து வேனில் வந்து சேர மத்தியானம் ஆகும். ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு ஊருக்கு வர மூன்றரை. அந்திக்குள் ஊரைவிட்டு வெளியேறியாக வேண்டும்.

"மாட்டிக்கிட்டேன்னா எட்டு ராத்திரி உங்க ஊருலதான் படுக்கணும். எங்க வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூட வராது. புதன்கெழம வேற ரெண்டு ஊரு பாக்கணும்."

இன்னொன்றும் சொன்னார்கள். இந்த மருந்து பொடியாக வருகிறது. தனிக் குப்பியில் வரும் தண்ணீரில் கலந்துவிட்டால் ஐஸில் வைத்திருந்தாலும் நான்கு மணி நேரம்தான். ஒரு குப்பி ஐந்து குழந்தைக்கு. மீதியைக் கீழேதான் ஊற்ற வேண்டும்.

"அஞ்சு பிள்ளைய உறுதியாச் சொல்லு, வாரேன். நம்ம நெலயத்துக்கே வந்திருக்கது கொஞ்சக் குப்பிதான். ரெண்டு பிள்ளைக்குன்னு ஒண்ண ஒடைச்சா, வேற ஊருல மூணு பிள்ளை வெறுங்கையோட போகும்."

என் பதிவேட்டில் வயது சரியாக இருக்கும் குழந்தைகள் ஒன்பது. திரும்பி வந்து ஒன்பது வீட்டுக்கும் போனேன். நான்கு வீட்டில் முடியாது என்றார்கள். ஒரு வீட்டில், காப்பு நாளில் ஆத்தாளுக்கு எதிராக எதற்கு ஊசி என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினார்கள். ஐந்து பேர் சரி என்றார்கள். அந்த ஐந்தில் செல்லத்தாய் அக்காவும் ஒருவர்.

சரியாக ஐந்து. ஒன்று கூட இல்லை. இப்படி ஓரத்தில் நிற்கும் கணக்கு எனக்குப் பிடிக்காது.

ஊசி போட்ட பிறகு என்னென்ன வரலாம் என்று ராமக்காள் அக்கா சொன்னதை எழுதிக்கொண்டு வந்தேன். மாலை வகுப்பில் அதை ஐந்து பிரதி அடித்தேன். கார்பனைச் சரியாக வைத்தேன்.

1 ஏப்ரல், புதன்கிழமை

நேற்று எழுத முடியவில்லை. இன்று செல்லத்தாய் அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் இங்கே என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

செவ்வாய் மதியம் மூன்றரைக்கு ராமக்காள் அக்கா ஐஸ் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். பாலவாடி அடுப்பில் கண்ணாடி சிரிஞ்சுகளை வேகவைத்தோம். நான்கு தாய்மார் பிள்ளைகளோடு வந்து காத்திருந்தார்கள். காப்பு நாள் என்பதால் எல்லோருக்கும் அவசரம். வீடு மெழுக வேண்டும், பழைய சட்டி பானையைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

ஐந்தாவது ஆளைக் காணவில்லை. செல்லத்தாய் அக்கா காலையிலேயே குழந்தையோடு திருமங்கலம் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். காப்புக்கு முன்னால் வெளியூர் வேலைகளை எல்லாம் முடித்துவிட வேண்டும், மூன்று மணி பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லித்தான் போனார். மூன்று மணி பஸ் வரவே இல்லை.

பூசாரி பேயாண்டி மாமா மஞ்சள் வேட்டியோடு அந்த வழியாக வந்தவர், புகை வரும் அடுப்பைப் பார்த்து நின்றார்.

"என்ன நர்சம்மா, எங்க ஆத்தாளுக்குப் போட்டியாப் பொங்க வச்சிருக்கீகளா?"

"போட்டி எதுக்கு மாமா? வருசம் பூரா பிள்ளைகளப் பாக்குறது உங்க ஆத்தா. நான் மாசத்துக்கு ஒருநாளு வந்துட்டுப் போறேன்."

"பேச்சுல மட்டும் கொறச்சலில்ல. காப்புக்கு முன்னாடி எல்லைய விட்டுப் போயிருங்க. இல்லேன்னா எட்டு நாளைக்கு முளைப்பாரிக்குத் தண்ணி ஊத்த விட்ருவேன்."

தாய்மார்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கோபமாகவும் போகவில்லை.

நாலரை ஆயிற்று. ராமக்காள் அக்கா குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"அந்த அஞ்சாவது பிள்ள வருமா?"

தெரியாது என்பதுதான் சரியான பதில். "வருவாங்கக்கா" என்றேன். அவர்கள் இன்னும் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் குப்பியைத் திறந்து மருந்தைக் கலந்தார்கள். எட்டரை வரை தாங்கும். நான்கு குழந்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அழுதன. நான்கு ஊசி அட்டைகளில் நான் தேதி எழுதினேன். குப்பியின் அடியில் ஒரு குழந்தைக்கு உரியது மீதி இருந்தது.

ஐந்தரைக்கு ராமக்காள் அக்கா எல்லாவற்றையும் கட்டினார்கள். வேகவைத்த சிரிஞ்சில் ஒன்றை மட்டும் மூடிய டப்பாவில் தனியாக வைத்தார்கள்.

"நான் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பஸ் நிக்கிற எடத்துல நிக்கேன். வந்தா அந்த வழியாத்தான வரணும்? உங்க காப்புக்கும் பங்கமில்ல."

நானும் கூடவே போனேன். எனக்கும் ஆறு மணி பஸ்ஸில் வகுப்புக்குப் போக வேண்டும். அன்று வேகத் தேர்வு. பஸ் வந்தது. அதில் செல்லத்தாய் அக்கா இல்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் ஊதாமல் காத்திருந்தார். ராமக்காள் அக்கா கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். "ஏழு மணிக்கு ஒண்ணு இருக்குல்ல" என்றார்கள். அவர்கள் ஏறாதபோது நான் எப்படி ஏறுவது? ஏறாமல் நின்றேன்.

ஊருக்குள் கொட்டுச் சத்தம் ஆரம்பித்தது.

சூரியன் கண்மாய்க் கரைக்குக் கீழே இறங்கும்போது கரைமேல் ஓர் உருவம் தெரிந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, நடையும் ஓட்டமுமாக வந்தது. பஸ் ரயில்வே கேட்டுக்கு அப்பால் படுத்துவிட்டதாம். நாலு மைல் நடந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் வந்ததும் அவர் நின்றது எங்களைப் பார்த்து இல்லை, கொட்டுச் சத்தத்தைக் கேட்டு.

"கட்டப் போறாக. ஊரு ஆளு உள்ள இருக்கணும் டீச்சர்."

"உள்ள போயிட்டீகன்னா நான் வர முடியாது" என்றார்கள் ராமக்காள் அக்கா. "ஒரு நிமிசம். பிள்ளையக் கையில பிடிங்க."

செல்லத்தாய் அக்கா ஒருமுறை ஊரைப் பார்த்தார். பிறகு மூட்டையை மண்ணில் இறக்கிவிட்டுக் குழந்தையின் சட்டையை அவரே தோளிலிருந்து இறக்கினார். எல்லைக்கல்லுக்கு இரண்டு அடி வெளியே, ஐஸ் பெட்டியின் மூடிமேல் பஞ்சை வைத்துக்கொண்டு, ராமக்காள் அக்கா ஐந்தாவது ஊசியைப் போட்டார்கள். தங்கப்பொண்ணு அழுதது கொட்டுச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"ஓடுங்க" என்றார்கள்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூட்டை மண்ணிலேயே கிடந்தது. அதில் அம்மனுக்கு மாவிளக்கு இடிக்கப் பிறந்த வீட்டில் கொடுத்த அரிசி. நான் யோசிக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கோயில் முன்னால் ஊரே நின்றது. காப்புக் கட்டுமுன் பூசாரி வீட்டுக்கு வீடு ஆள் வந்தாயிற்றா என்று கேட்பது வழக்கமாம். செல்லத்தாய் அக்காவின் கணவர் காளை அண்ணன், என் வீட்டாளு வரலை என்று சொல்லியிருக்கிறார். பேயாண்டி மாமா கொட்டுக்காரரைப் பார்த்து இன்னும் ஒரு சுற்று அடிக்கச் சொன்னாராம். அது முடிந்து இன்னொரு சுற்று. நான் எல்லைக்கல்லில் நின்று கேட்ட கொட்டு அவ்வளவு நேரம் நீண்டது அதனால்தான். அவருக்கு ஊசியைப் பற்றித் தெரிந்தே நீட்டினாரா, ஒரு வீடு குறைகிறது என்பதற்காக நீட்டினாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் என் நன்றி குறையாது.

நாங்கள் மூச்சிரைக்க வந்து நின்றதும் அவர் மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு பேருக்காகக் காத்திருந்தேன். மூணு பேரு வந்திருக்கீக" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் நான் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது. கயிற்றைக் கட்டிவிட்டார். குலவைச் சத்தத்துக்கு நடுவில் யாரோ ஒரு பெண், "டீச்சரம்மாவும் நம்மூருதான் இனி, தாளிக்காத கொழம்ப எட்டு நாளைக்குத் தின்னட்டும்" என்றாள்.

7 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

விட்டது: ஆறு நாள் வகுப்பு. வேகத் தேர்வு.

காப்பில் சிக்கியது வீட்டில் தெரியுமோ என்று முதல் ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டேன். ராமக்காள் அக்கா அன்றே அவனியாபுரத்தில் இறங்கிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் திரும்பி வராததைப் பார்த்தே புரிந்துகொண்டார்களாம். மறுநாள் காலை பஸ்ஸில் அம்மா எனக்கு மாற்றுச் சேலையும் இந்த நோட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்.

செல்லத்தாய் அக்கா வீட்டில் எனக்கு ஒரு பாய், ஒரு மூலை. ஓர் அட்டையில் தட்டச்சு எழுத்துகளை வரிசையாக எழுதி, பகலில் பிள்ளைகள் தூங்கும்போது விரல் பழகுகிறேன். காளை அண்ணன் பார்த்துவிட்டு, "சத்தமே வரலயே, அடிக்கிறது யாருக்குக் கேக்கும்?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இன்று அம்மனுக்குப் பொங்கல். மத்தியானம் தங்கப்பொண்ணுக்கு உடம்பு சுட்டது. காதுக்குப் பின்னால் சின்னச் சின்னதாய்ச் சிவப்புப் புள்ளிகள்.

செல்லத்தாய் அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முத்திருளனுக்கும் காதுக்குப் பின்னால்தான் ஆரம்பித்ததாம். காளை அண்ணன் வாசலில் நின்றபடி சொன்னார்:

"காப்பன்னைக்கு ஊசி வேணாம்னு சொன்னேன். போடாம இருந்திருக்கலாம்."

"போடாம இருந்துதான ஒண்ணப் பறிகுடுத்தோம்" என்றார் செல்லத்தாய் அக்கா. குரலை உயர்த்தவில்லை. அண்ணன் வெளியே போய்விட்டார்.

நான் அடித்து வைத்திருந்த தாளை எடுத்து வந்து வாசித்தேன். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரலாம். சில புள்ளிகள் வரலாம். இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். பயப்பட வேண்டாம். இன்று ஏழாம் நாள். இருமுறை எண்ணினேன்.

வாசிக்கும்போது என் குரல் உறுதியாக இருந்தது. உள்ளே அப்படி இல்லை. ஊசிக்கு முன்பே பிள்ளைக்கு அம்மை தொற்றியிருந்தால்? அதற்கு முந்தின வாரம் எங்காவது போன பஸ்ஸில் மேலக்கரைப் பிள்ளை ஏதாவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? அப்படியானால் ஊசி உதவாது என்று ராமக்காள் அக்காவே சொல்லியிருக்கிறார்கள். அவசரப்பட்டுத் தேதி மாற்றியது நான். பிள்ளைக்கு ஏதாவது ஆகி, ஊசியால்தான் என்று ஊர் சொன்னால், இந்த ஊரில் இனி எந்தத் தாயும் கையை நீட்டமாட்டாள்.

காய்ச்சல் மாத்திரையில் ராமக்காள் அக்கா சொன்ன அளவை மட்டும் தேனில் குழைத்துக் கொடுத்தோம். செல்லத்தாய் அக்கா தொட்டிலில் வேப்பிலை வைத்தார். மேலக்கரையிலிருந்து ராமக்காள் அக்காவின் ஊருக்குப் போகும் பால்காரரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

9 ஏப்ரல், வியாழக்கிழமை

நேற்றுக் காலை முளைப்பாரி கரைத்துக் காப்பை அவிழ்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் காய்வதற்குள் ராமக்காள் அக்கா வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்த ஊர் முறை நாள் இல்லை. சீட்டுக் கிடைத்ததும் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தார்கள். கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். வாயைத் திறக்கச் செய்து கன்னத்தின் உட்பக்கம் பார்த்தார்கள். மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை. தங்கப்பொண்ணு அவர்கள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது.

"மணல்வாரி போட்ட பிள்ள இப்படித் தோட்டப் பிடிச்சு இழுக்காது. தொவண்டு போயிக் கெடக்கும். இது ஊசியோட காய்ச்சல். நாளைக்கு எறங்கிரும்."

"வேப்பிலைய எடுத்துறவா நர்சம்மா?" என்று செல்லத்தாய் அக்கா கேட்டார்.

"இருக்கட்டும்த்தா. அது என்ன பண்ணுது உங்கள?"

இன்று காலை காய்ச்சல் இல்லை. புள்ளிகள் மங்கிவிட்டன. காளை அண்ணன் வயலிலிருந்து வந்து பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "டீச்சர், அந்தத் தாள எங்கிட்டக் குடுங்க, பெட்டியில வச்சுக்கிறேன்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கொடுத்தேன்.

நேற்று மதியம் தாளித்த குழம்பு. எட்டு நாளைக்குப் பிறகு கடுகு வெடிக்கும் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விடட்டும் என்று ஒரு ராத்திரி கூட இருந்துவிட்டு, இன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

26 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

விட்டது: நேற்றுத் தட்டச்சில் ஐந்து பிழை. வேகம் குறையவில்லை என்று மாஸ்டர் ஆச்சரியப்பட்டார். அட்டையில் பழகியதைச் சொல்லவில்லை.

பெருங்கரைப்பட்டிக்குள் மணல்வாரி வந்துவிட்டது. மூன்று வீட்டில். இன்று விடுமுறை என்றாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றில் ஒன்று செல்லத்தாய் அக்காவுக்கு அடுத்த வீடு. கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசியவர்கள் வீடு அது. தங்கப்பொண்ணும் அந்த வீட்டுப் பையனும் வாரம் முழுக்க ஒரே மணலில் விளையாடியிருக்கிறார்கள்.

பையனுக்கு உடம்பெல்லாம் வாரி இறைத்ததுபோல் இருந்தது. கண் திறக்க முடியவில்லை. ராமக்காள் அக்கா இரண்டு நாளாக வந்து நெஞ்சில் சளி சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். இன்று மூச்சு சீராக இருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அவன் தாயிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அது வெளியே வராமல் இருந்ததற்கு நன்றி.

ஐந்து பிள்ளைகளுக்கும் இதுவரை ஒன்றும் இல்லை.

"ஊசியாலதானாக்கா?" என்று ராமக்காள் அக்காவிடம் கேட்டேன்.

"நூத்துல எம்பத்தஞ்சு பிள்ளைகளுக்குப் பிடிக்கும்னு படிச்சிருக்கேன். மத்த பதினஞ்சுல யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுனால ஜாஸ்தி பெருமப்படாத. ஆனா சந்தோசப்பட்டுக்க" என்றார்கள்.

செல்லத்தாய் அக்கா அந்தப் பையனுக்கு இளநீர் வெட்டி எடுத்துப் போனார். தங்கப்பொண்ணைத் தன் வீட்டில் விடாமல் கூடவே தூக்கிக்கொண்டு போனார். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா போன தடவ பயப்படுறதத் தவிர வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல டீச்சர். இந்தத் தடவ ஊசி போட்ட அட்டை இருக்கு" என்றார்.

வரும் வழியெல்லாம் இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

5 மே, செவ்வாய்க்கிழமை

விட்டது: இன்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

நாளைக்குப் பதினான்கு பெயர்கள். மார்ச்சில் முடியாது என்ற நான்கு வீட்டில் மூன்று பேர் தாங்களே வந்து பெயர் கொடுத்தார்கள். நான்காவது வீட்டுப் பையனுக்கு அம்மை வந்து போய்விட்டது. அவனுக்கு இனி அந்த ஊசி தேவையில்லை. அவன் தாய் மேலக்கரையில் இருக்கும் தன் தங்கையின் குழந்தைக்குக் கேட்டாள். சேர்த்துக்கொண்டேன். மற்றவை வயது நிறைந்த புதுப் பிள்ளைகள். மூன்று குப்பி, பதினைந்து பேருக்கு. ஓர் இடம் மீதி.

போன சனிக்கிழமை அறிவிப்பைத் தட்டச்சு செய்யுமுன் இந்த முறை முதலில் பேயாண்டி மாமாவிடம் போனேன். நோட்டோடு நின்ற என்னைப் பார்த்து, "என்னத்தா, காப்பு அவுந்து ஒரு மாசமாச்சு. இன்னுமா எங்கூருலயே நிக்கிற?" என்றார்.

"தேதி கேக்க வந்தேன் மாமா. புதன்கிழமை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல. ஆடியில ஒண்ணு, மாசியில ஒண்ணு. எழுதிக்க." சொல்லிக்கொண்டே போனார், நான் வருடம் முழுவதற்கும் எழுதிக்கொண்டேன். கடைசியில், "பாலவாடியில வெயிலு அடிக்குமே. கோயில் கொட்டகையில வச்சுப் போடுங்க. கூட்டிப் பெருக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அன்று கொட்டை இன்னொரு சுற்று அடிக்கச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஐந்து வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். அவர் காதில் விழாததுபோல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நாளை: காலை ஏழு மணி பஸ்ஸில் போக வேண்டும். எல்லைக்கல் நிறுத்தத்தில் ராமக்காள் அக்காவிடம் ஐஸ் பெட்டியை வாங்கிக் கொட்டகையில் நிழலில் வைக்க வேண்டும். அடுப்புக்கு விறகு. அட்டைகள் பதினான்கு. அவற்றோடு ஒன்று, பெயர் எழுதாமல்.